‘மௌஸ்’ ஒரே நாளில் முடிந்துவிட்டது: இதை நாவல் வாசித்த கணக்கில் சேர்க்கலாமா?

கோவைப்புழு

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம் இது. இங்கே கேட்டால்தான் தீரும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ படித்தேன். கிராபிக் நாவல், அதாவது படக்கதையாகவே வரைந்த நாவல். இரண்டு பாகமும் சேர்ந்த பதிப்பு, 300 பக்கத்தை ஒட்டி வரும். இட்லி சாப்பிட்டுவிட்டு எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் பாகம் முடிந்தது. சாயந்திரக் காபிக்குள் இரண்டாவதும் முடிந்துவிட்டது. ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய அப்பா விளாடெக், தன் கதையை மகனுக்குச் சொல்கிறார். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். மனசு கனத்துப்போனது உண்மை. அதில் சந்தேகமில்லை.

ஆனால் எனக்கு நாவல் என்றால் ஒரு மாதக் குடித்தனம். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தால் காந்திபுரம் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும்போதும் அந்த ஆட்கள் கூடவே வருவார்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘மௌஸ்’ விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. திங்கட்கிழமை காலை அலமாரியில் வைத்தேன், அதோடு சரி. இந்தப் புத்தகத்தை முடிக்க ஸ்பீகல்மனுக்கு 13 வருடம் ஆனதாம். 1978இல் அப்பாவிடம் பேட்டி எடுக்கத் தொடங்கி, 1991இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டிருக்கிறார். மறு வருடம் புலிட்சர் சிறப்பு விருது. 13 வருட உழைப்பை நான் ஒரு பகலில் விழுங்கிவிட்டேன்.

வேகமாகப் போனது என் தப்பா, இல்லை கிராபிக் நாவல் என்ற வடிவமே இப்படித்தானா? இரண்டையும் தொடர்ந்து படிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

சந்தாதாரர்

தம்பி, உங்கள் தப்புதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன்.

1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு ஆரம்பித்தபோது நான் மூன்றாம் வகுப்பு. சொந்தமாக வாங்கக் காசு கிடையாது. எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு நாள் வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒரு இதழை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அண்ணன், நான், பக்கத்து வீட்டுப் பையன் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து படிப்போம். முதல் தடவை கதைக்காக ஓடும். அது அரை மணி நேரம். அப்புறம்தான் உண்மையான வாசிப்பே தொடங்கும். மாயாவி மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், உட்கார்ந்திருக்கிறானா குனிந்திருக்கிறானா என்று அந்தக் கையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். “கை இங்கே இருக்குன்னா தலை இங்கே இருக்கணும்” என்று காகிதத்தின் மேல் விரலை வைத்துச் சண்டை போடுவோம். அந்தக் காலி இடத்தில் ஓவியர் ஹேசூஸ் பிளாஸ்கோ எதையும் வரையவில்லை. முழு ஆளையும் நாங்கள்தான் அங்கே நிறுத்தினோம்.

ஐம்பது வருடமாக எனக்குக் காமிக்ஸ் வாசிப்பு இதுதான். எழுத்தை மட்டும் படித்துக்கொண்டே போனால் ஓடித்தான் போகும். ஒரு கட்டத்தில் பத்து வார்த்தை இருக்குமா? பத்து வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆகும்! நீங்கள் பேச்சு எழுதியிருக்கும் பலூன்களை மட்டும் வாசித்திருக்கிறீர்கள், படங்களைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நாவல் வாசித்துப் பழகிய கண் அப்படித்தான் செய்யும்.

ஒரு வேலை கொடுக்கிறேன். முதல் பாகத்தின் கடைசிப் பகுதியை எடுங்கள். யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ காலியான பிறகு விளாடெக்கும் மனைவி ஆன்யாவும் எங்கே போவதென்று தெரியாமல் சோஸ்னோவியெட்ஸ் பக்கமாக நடக்கிற படம் ஒன்று வரும். அவர்கள் நடக்கும் பாதையை மட்டும் பாருங்கள். நான் வேறெதுவும் சொல்லமாட்டேன்.

தஞ்சை டீச்சர்

சந்தாதாரர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் கோவைப்புழு சொன்ன அந்த ‘ஒரு மாதக் குடித்தனம்’ சாதாரண விஷயமில்லை. அதை வாசகரின் பழக்கக் குறை என்று தள்ளிவிட முடியாது.

‘மோகமுள்’ளில் வடக்கேயிருந்து வந்த பாடகர்கள் பாடும் இடம் இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். சங்கீதம் கற்கும் பாபுவும் அவன் குரு ரங்கண்ணாவும் கேட்டு அசந்துபோகிறார்கள். தி. ஜானகிராமன் அங்கே சுரம் எழுதவில்லை, ராகத்தை விளக்கி வகுப்பெடுக்கவும் இல்லை. வாக்கியத்தின் நீளம், நிறுத்தம், அடுத்து வந்து விழும் சொல், இவற்றாலேயே ஒரு குரலை நம் காதுக்குள் எழுப்புகிறார். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன் என்று சத்தியம் செய்வேன். இதையே வரைந்தால் என்ன செய்ய முடியும்? வாயைத் திறந்த ஒரு மனிதர், கண்மூடிய இரண்டு பேர். அவ்வளவுதானே.

இன்னொன்று, மனதுக்குள் ஓடுவது. ஒருவன் ஒன்றை நினைத்து, உடனே அதை மறுத்து, மறுத்ததற்காக வெட்கப்பட்டு, மறுபடி அதையே நினைப்பதை உரைநடை ஒரே வாக்கியத்தில் கொண்டுவந்துவிடும். படத்தில் முகம் தெரியும், ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் நான்கு எண்ணங்கள் தெரியாது. சிந்தனை பலூன் போட்டு எழுதினால் அதுவும் உரைநடைதான். கடன் வாங்கிய உரைநடை.

என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் படக்கதை கொடுத்தால் பாய்ந்து வாங்குகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் படமில்லாத பக்கத்தைப் பார்த்ததும் அவர்கள் முகம் வாடுகிறதே, அங்கேதான் என் கவலை.

கோவைப்புழு

ஐயா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது.

எழுத்தில் இருப்பது போக்கிடம் இல்லை என்ற செய்தி மட்டும். படத்தில் அவர்கள் நிற்கும் நான்முனைச் சாலை நாஜிகளின் ஸ்வஸ்திகா வடிவத்தில் மடங்கிக் கிடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள்ளேயேதான் நடக்க வேண்டும். விளாடெக் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, மகனும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தில் நான் நான்கு வினாடி இருந்திருந்தால் அதிகம்.

அந்த வேகத்திலேயே சுற்றியிருந்த பக்கங்களையும் தேடினேன். இருவரும் போலந்துக்காரர்கள் போல நடிக்கும்போது பன்றி முகமூடி கட்டியிருக்கிறார்கள், முகமூடியின் கயிறுகூடத் தெரிகிறது. ஆன்யாவைப் பார்த்தால் யூதர் என்று சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று விளாடெக் சொல்கிறார். படத்தில் ஆன்யாவின் கோட்டுக்குக் கீழே எலிவால் நீண்டு தொங்குகிறது. அவருக்கே தெரியாமல் இழுபடுகிறது. அதைப் பார்த்ததும் அந்தக் கோட்டை இழுத்துவிட்டு வாலை மறைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. முதல் தடவை அந்த வாலை நான் பார்க்கவே இல்லை.

டீச்சர், பாட்டு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் இருக்கிறேன். ஆனால் மனதுக்குள் ஓடுவதைப் பற்றிச் சொன்னதைத்தான் மறுபடி யோசிக்கிறேன். ஆன்யாவின் பயத்தை அந்த வால் காட்டிவிட்டதே.

பலூன்காரன்

பலூன் என்ற சொல் வந்ததால் நுழைகிறேன். பதினொரு வருடமாக எனக்கு இதுதான் தொழில். வெளிநாட்டுக் காமிக்ஸ்களின் பலூனுக்குள் தமிழை அடக்குவது. மொழிபெயர்ப்பவர் வேறு, பக்கம் அமைக்கும் நான் வேறு. ஆனால் கடைசி நேரத்தில் வார்த்தையை வெட்டச் சொல்லிக் கேட்பது நான்தான்.

உரைநடை நாவலை மொழிபெயர்த்தால் 400 பக்கம் 470 ஆகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. பலூன் அப்படியில்லை. பிரெஞ்சுக்கோ இத்தாலிக்கோ அளவெடுத்து வரைந்த முட்டை அது. அதற்குள் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரே சொல் வந்து நின்றால் என்ன செய்வது? எழுத்தைச் சின்னதாக்கினால் பெரியவர்கள் படிக்க முடியாது. சொல்லை உடைத்தால் ‘போய்க்கொண்’ மேலேயும் ‘டிருக்கிறேன்’ கீழேயுமாகத் தொங்கும், பார்க்கச் சகிக்காது. கடைசியில் ‘போகிறேன்’ ஆகும், சில சமயம் ‘இதோ, வழியில்’ ஆகும். ‘உனக்காகத்தான் இவ்வளவு நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன்’ என்று வந்ததை ஒரு தடவை ‘எவ்வளவு நேரம்!’ என்று மாற்றினோம். அந்த ஆள் மழையில் நனைந்து நிற்பது படத்தில் இருந்தது. மிச்சத்தை மழை சொல்லிவிட்டது.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தவரை படத்தில் இருப்பதை எழுத்து திரும்பச் சொன்னால் பக்கம் செத்துவிடும். ‘அவன் கதவைத் திறந்தான்’ என்று மேலே கட்டம் கட்டி எழுதி, கீழே அவன் கதவைத் திறக்கிற மாதிரி வரைந்திருப்பார்கள். பழைய படக்கதைகளில் இது நிறைய. அவற்றைப் பார்த்துத்தான் காமிக்ஸ் சின்னப்பிள்ளைச் சமாசாரம் என்று பலர் முடிவு கட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

பலூனின் உருவமே பேசும் என்பதற்கு ‘பீமாயணம்’ பாருங்கள். அம்பேத்கர் பட்ட தீண்டாமை அனுபவங்களை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் வரைந்து 2011இல் வந்தது. கனிவாகப் பேசுகிறவர்களின் பேச்சுக்குப் பறவை வடிவப் பலூன். கொடிய பேச்சுக்குத் தேள் கொடுக்கு வைத்த பலூன். வார்த்தையைப் படிக்கும் முன்பே கொடுக்கு கண்ணில் படும். குத்து முதலில், அர்த்தம் பிறகு. கட்டம் கட்டமாகப் பிரிக்கிற வேலையும் அதில் கிடையாது, கோண்டு ஓவியக் கோலங்களே பக்கத்தைப் பிரித்துக்கொண்டு போகும். அந்தப் புத்தகத்தை வேகமாகப் படிக்க முயன்றால் கண் வழி தவறிவிடும், நின்று நின்றுதான் போக வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் அது.

தொடர்கதை வாசகி

எல்லோரும் உரைநடை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துப் பேசுகிறீர்கள். தமிழ் வாசகர்களுக்கு இது எப்போது பிரிந்திருந்தது?

கல்கியில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாரா வாரம் மணியத்தின் ஓவியத்தோடு வந்தது. விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ கோபுலுவின் கோட்டோடு வந்தது. என் அம்மா அந்தத் தொடர்களைப் பத்திரிகையிலிருந்து கிழித்து, வீட்டிலேயே ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தார். பின்பக்கத்தில் பாதி சோப்பு விளம்பரம் இருக்கும். நான் முதலில் படித்தது அந்தத் தையல் புத்தகங்களைத்தான். எனக்கு வந்தியத்தேவன் என்றால் மணியத்தின் வந்தியத்தேவன். பல வருடம் கழித்து, படமே இல்லாத மலிவுப் பதிப்பில் அதே நாவலைப் படித்தபோதும் அந்த முகம்தான் வந்தது. என் மகள் படமில்லாமல்தான் படித்தாள். அவளுடைய நந்தினி யார் ஜாடை என்று கேட்டால், எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு அக்காவின் ஜாடை என்கிறாள்! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவள் நந்தினியை அவளே செய்துகொண்டாள், என் நந்தினியை மணியம் செய்து கொடுத்தார்.

ஆனால் அந்தப் படங்களும் கிராபிக் நாவலும் ஒன்றில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தொடர்கதை ஓவியத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். கோவைப்புழு சொன்ன அந்தச் சாலையை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இருக்காது.

சந்தாதாரர்

அம்மா, தையல் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பூச்சி மருந்து போட்டுப் பத்திரப்படுத்துங்கள். இப்போதெல்லாம் கிடைக்காது.

வன்னியாள்

நீங்கள் கதைப்பதை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லப்போவது கொஞ்சம் வேறு.

‘வன்னி’ என்று ஒரு கிராபிக் நாவல் 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே போலாக் வரைந்தது. டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டெம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது சனம் வாசலில் நின்று போகவேண்டாம் என்று கேட்டதை நாங்கள் மறக்க ஏலாது. அந்த நாட்களில் நானும் அங்கேதான் இருந்தேன். இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன்.

போரைப் பற்றி எங்கள் ஆட்கள் எழுதிய நாவல்கள் கனக்க வாசித்திருக்கிறேன். அவற்றை என்னால் வாசிக்க முடிகிறது. ஒரு வரியில் ‘ஷெல்’ என்று வந்தால், அடுத்த வரிக்குப் போகவேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க எனக்கு ஒரு கணம் இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். சொல் ஒவ்வொன்றாகத்தானே வரும். எவ்வளவு உள்ளே விடுவது என்பது என் கையில் இருக்கும்.

படம் அப்படி இல்லை. பக்கத்தைத் திருப்பினால் முழுப் பக்கமும் ஒரேயடியாகக் கண்ணுக்குள் வந்துவிடும். வாசிக்கமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னமே பார்த்து முடிந்திருக்கும். ‘வன்னி’யில் பங்கருக்குள் சனம் நெருக்கிக்கொண்டிருக்கும் பக்கங்களில் எனக்கு அதுதான் நடந்தது. கறுப்பு வெள்ளைக் கோடுதான், ஆனால் அந்த மண்ணின் ஈரமும் பனங்குற்றியும் தெரிந்தது. இரண்டு கிழமை அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பக்கத்தை மூடி வைத்து, ஒவ்வொரு கட்டமாகக் கீழே இழுத்து இழுத்து வாசித்தேன். முடிக்க மூன்று மாதம் ஆனது.

ஒரே நாளில் முடிந்துவிட்டது என்று கோவைப்புழு எழுதியிருந்ததைப் பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது. குறையாகச் சொல்லவில்லை தம்பி.

தஞ்சை டீச்சர்

வன்னியாள், இதைப் படித்துவிட்டு நேற்று பதில் எழுத முடியவில்லை.

நான் முகத்துக்குப் பின்னால் ஓடும் எண்ணங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். படம் நம் சம்மதத்தைக் கேட்காமல் உள்ளே வந்துவிடும் என்பதை யோசித்ததே இல்லை. நீங்கள் வெள்ளைத் தாள் வைத்துப் படித்தது, படப்புத்தகத்தை உரைநடையின் வேகத்துக்குக் கொண்டுவந்தது போல இருக்கிறது. ஒரு வரி, அப்புறம் ஒரு வரி. உரைநடை எனக்குக் கொடுக்கிற அந்த ஒரு கண இடைவெளிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

பலூன்காரன்

வன்னியாள் சொன்னதில் தொழில் நுணுக்கம் ஒன்றும் இருக்கிறது. இடமிருந்து வலம் ஓடும் புத்தகத்தில் அதிர்ச்சியான படத்தை இடப்பக்கத்தில்தான் வைப்பார்கள், பக்கத்தைத் திருப்பும்வரை கண்ணில் படாமல் இருக்க. வலப்பக்கத்தில் வைத்தால் இடப்பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். பக்க எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி, ஒரு பதிப்பில் இது இடம் மாறிப்போனதை ஒரு தடவை பார்த்தேன். கொலை நடப்பது ஒரு பக்கம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் வருத்தமாக இருக்கும்.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலிருக்கும் வெள்ளை இடைவெளியைப் பற்றிக் காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் ஊருக்கு மேலே ஓர் அலறல் மட்டும். கோடரியை இறக்கியது யார்? வாசகர்தான் என்கிறார் அவர். எத்தனை அடி, எங்கே விழுந்தது எல்லாம் நம் மனது போட்ட கணக்கு.

மதுரைக்காரி

அம்மாவுக்குக் கண்புரை. ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து, இன்னொன்று பாக்கி. கொஞ்ச மாதமாக நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உரைநடையில் எந்தத் தொல்லையும் இல்லை. நான் படிப்பேன், அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினால் “ம், மேல படி” என்பார்.

போன மாதம் கையில் ‘பெர்சபோலிஸ்’தான் இருந்தது, ஈரானில் தான் வளர்ந்த கதையை மர்ஜானே சத்ரபி வரைந்த கிராபிக் நாவல். அதையே படி என்றார். பலூனில் இருப்பதை மட்டும் படித்தேன். இரண்டு பக்கத்திலேயே அம்மா நிறுத்திவிட்டார். “யாரு பேசுறா, எங்க நிக்கிறா, ஒண்ணும் புரியலையே.” சரி என்று படங்களையும் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் 1980இல் பத்து வயது மர்ஜி, முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் படம் வகுப்புப் பிள்ளைகளின் குழுப் படம். தான் இடது கோடியில் இருப்பதால் தெரியாது என்று அவளே சொல்கிறாள். நான் அதோடு தாண்டப் பார்த்தேன். அம்மா விடவில்லை. “சுத்தமாவே தெரியலையா?” உற்றுப் பார்த்தால், ஓரத்தில் அவள் உடம்பில் ஒரு துண்டு மட்டும் கட்டத்துக்குள் இருக்கிறது, மீதி வெட்டுப்பட்டு வெளியே. “கொஞ்சூண்டு தெரியுதும்மா” என்றேன். “அதான பார்த்தேன்” என்றார்.

அப்படியே தினமும் இரண்டு மூன்று அத்தியாயம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அம்மா கேள்வி கேட்பார். அந்தப் பாட்டி முகம் எப்படி இருக்கு, அவங்க வீட்டுல ஜன்னல் இருக்கா, அப்பா கையில என்ன வச்சிருக்கார். பதில் சொல்லவே நான் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தனியாக ஏற்கெனவே ஒரு தடவை முடித்த புத்தகம் அது. அந்த வீட்டில் ஜன்னல் இருந்ததா என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு நாள் அந்த ஏவுகணைத் தாக்குதல் அத்தியாயம் வந்தது. மர்ஜியின் பக்கத்து வீட்டில், அவள் தோழி நெதாவின் குடும்பம் இருந்த வீட்டில் குண்டு விழுந்துவிடுகிறது. இடிபாட்டைக் கடக்கும்போது ஒரு நீலப்பச்சைக் கல் வளையல் கண்ணில் படுகிறது. நெதாவுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தது. அந்த வளையல் எதிலோ மாட்டியிருக்கிறது. மர்ஜி கையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். இதுவரைக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்தது கடைசிக் கட்டம். எந்த அலறலாலும் தன் வேதனை தீராது என்கிற மாதிரி ஒரே ஒரு வரி. அதைப் படித்துவிட்டு நிறுத்தினேன்.

“படம் என்ன?” என்றார் அம்மா.

“படம் இல்லம்மா. முழுக்கக் கறுப்பு.”

அம்மா கீரையைத் தட்டில் வைத்துவிட்டு, புத்தகத்தை வாங்கி, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தக் கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவைப்புழு

மதுரைக்காரி அக்கா, அம்மாவுக்கு இன்னொரு கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடியட்டும். நான் ‘மௌஸ்’ முதல் பாகத்தை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். வன்னியாள் சொன்ன மாதிரி வெள்ளைத் தாள் வைத்து. நான்கு நாளில் 31 பக்கம் ஆகியிருக்கிறது.